காட்டுப்பாதையும் களையில்லாத புல்கட்டும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் தீவனப்புல் பயிரிடும் விவசாயிகளில் ஒரு பகுதியினர், அறுப்புக்கு முன் ஒரு வேலை செய்கிறார்கள். அறுக்கப்போகும் நாளுக்கு முந்தைய பத்து நாட்களுக்குள் ஆய்வாளரை வயலுக்கு வரச் சொல்கிறார்கள். வருகிறவர் வயலுக்குள் மட்டும் நடந்து பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. வரப்பு, வாய்க்கால் கரை, வேலியோரம், வண்டித்தடம், அறுத்த கட்டுகளை அடுக்கப்போகும் களம் வரை பார்க்கிறார். அரசுப் பட்டியலில் உள்ள களை ஏதாவது விதை பிடிக்கும் நிலையில் நின்றால் அந்த வயலுக்குச் சான்று கிடையாது. சுத்தமாக இருந்தால் சான்று உண்டு. அந்தப் புல்லைத் தனி நிறக் கயிற்றால் கட்டியோ, அடையாளச் சீட்டு கோத்தோ விற்கலாம். சாதாரணக் கட்டைவிடக் கூடுதல் விலை கிடைக்கும்.

இந்தக் கட்டுகளை வாங்குகிறவர்களில் முக்கியமானவர்கள் குதிரைக்காரர்கள். பந்தயக் குதிரை வைத்திருக்கும் பணக்காரர்களை நினைத்துக்கொள்ள வேண்டாம். பண்ணைக்காரர், லாடம் அடிப்பவர், ஓய்வுபெற்ற வாத்தியார், மரத்தொழிலாளி என்று எல்லாத் தரப்பிலும் இருக்கிறார்கள். கோடையில் குதிரைக்குச் சேணம் கட்டி, கோவேறு கழுதைமேல் பொதி ஏற்றி, மலைக்காட்டுக்குள் போய் நாலைந்து நாள் கூடாரம் போட்டுத் தங்கி வருகிறவர்கள். அங்கே பல அரசுக் காடுகளில், குதிரைக்கென்று உள்ளே கொண்டுபோகும் ஒரு பிடி புல்லும் களைவிதை இல்லாதது என்று சான்று பெற்றிருக்க வேண்டும். இந்த விதியைக் குதிரைக்காரர் சங்கங்கள் தங்கள் ஆட்களிடம் தாங்களே எடுத்துச் சொல்லிப் பரப்பின. தங்கள் செலவைக் கூட்டும் விதியை ஒரு சங்கம் ஏன் பரப்ப வேண்டும்? இதற்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது.

யாருடைய காடு

அமெரிக்க மத்திய அரசின் கையில் சுமார் 64 கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. தமிழ்நாட்டைப் போல் இருபது மடங்கு. இதில் 19 கோடி ஏக்கருக்கு மேல் வனத்துறையிடம். 24 கோடி ஏக்கருக்கு மேல் நில மேலாண்மைத் துறையிடம். மீதியில் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களும் வனவிலங்குக் காப்பிடங்களும். பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில்தான். நெவாடா மாநிலத்தில் ஐந்தில் நாலு பங்கு நிலம் அரசுடையது.

நம் ஊர்க் காப்புக்காட்டுக்குள் போக ரேஞ்சர் அலுவலகத்தில் நிற்க வேண்டியிருக்கும். அங்கே பெரும்பாலான பொது நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் போடலாம், உரிமம் பெற்று மீன் பிடிக்கலாம், வேட்டையாடலாம். கட்டணம் கட்டி மாடும் மேய்க்கலாம். பொது நிலம் என்றால் தங்களுடைய நிலம் என்ற எண்ணம் மக்களிடம் ஊறிப்போயிருக்கிறது.

இந்தக் காடுகளில் உள்ள ஒற்றையடிப் பாதைகளில் பல, குளம்புக்காகவே வெட்டப்பட்டவை. வனத்துறை 1905-ல் தொடங்கியபோது ரேஞ்சர் வேலைக்கு வந்தவர் சொந்தக் குதிரையையும் சேணத்தையும் கொண்டுவர வேண்டியிருந்தது. காட்டுத்தீ அணைக்கப் போகும் ஆட்களுக்குச் சாமான் கொண்டுபோவதற்கென்றே 1930-ல் மொன்டானாவில் நைன்மைல் என்ற இடத்தில் கோவேறு கழுதைகளையும் குதிரைகளையும் பழக்கும் நிலையம் ஒன்றை வனத்துறை தொடங்கியது. ஒரு கோவேறு கழுதை சுமார் 70 கிலோ சுமக்கும். இரண்டு பக்கமும் சம எடையாகப் பொதி கட்ட வேண்டும்; ஒரு பக்கம் கூடினால் சேணம் சரிந்து முதுகுப் புண் வரும். கொடைக்கானல் மலைச்சரிவில் ரோடு இல்லாத ஊர்களுக்கு இன்றும் குதிரையில் பொதி ஏற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்னர் ரோடு வந்தது, ஜீப் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது. குதிரை தேவைப்படும் இடம் சுருங்கியது. 1964-ல் வந்த ஒரு சட்டம் நிலைமையை மாற்றியது. மனிதர் கைபடாத காடுகளை 'வனாந்தரப் பகுதி' என்று அறிவித்து, அதற்குள் ரோடு, மோட்டார் வண்டி, மோட்டார் கருவி, சக்கரம் வைத்த போக்குவரத்து எதுவும் கூடாது என்றது அந்தச் சட்டம். முதலில் 91 லட்சம் ஏக்கர். இன்று 11 கோடி ஏக்கருக்கு மேல். இதற்குள் போகப் பெரும்பாலும் இரண்டே வழி: நடந்து போகலாம், அல்லது குதிரையில் போகலாம்.

குதிரைக்கு அனுமதி இருந்தது. ஆனால், அது என்றென்றைக்குமான உரிமை என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

முணுமுணுப்பு தொடங்கியது

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் முதுகில் பை மாட்டிக்கொண்டு மலையேறும் இளைஞர் கூட்டம் பெருகியது. அவர்கள் காட்டில் பார்த்தது என்ன? நாலு குதிரையை ஒரே மரத்தில் இரவெல்லாம் கட்டியதால் பட்டை உரிந்து, வேர் வெளியே தெரிய நின்ற மரம். ஏரிக்கரையில் சேறாகிப்போன புல்வெளி. பாதை நெடுக லத்தி, அதை மொய்க்கும் ஈ. குளம்பு மிதித்துக் குழிந்து, மழையில் ஓடையாக மாறிய பாதை. குதிரைகளை உள்ளே விடாதீர்கள் என்ற குரல் எழுந்தது. குழுவுக்கு இத்தனை குதிரைதான், இந்த ஏரிக்கரையில் தங்கக் கூடாது என்று அதிகாரிகளும் கட்டுப்பாடு போடத் தொடங்கினார்கள்.

புகாரில் உண்மை இருந்தது. ஒரு குதிரை 450 முதல் 500 கிலோ எடை. அதன்மேல் ஆளும் சுமையும். அத்தனை எடையும் நாலு சின்னக் குளம்பு வழியாக மண்ணில் இறங்குகிறது. ஈர மண்ணில் அது என்ன செய்யும் என்பது சேற்றுழவு செய்தவருக்குத் தெரியும்.

1973-ல் மொன்டானாவின் ஃபிளாட்ஹெட் பள்ளத்தாக்கில் சில குதிரைக்காரர்கள் கூடி 'பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்று அது பல மாநிலங்களில் கிளை விட்ட தேசிய அமைப்பு. புகார் சொல்கிறவர்களோடு சண்டைக்குப் போவதற்கு முன்பாகத் தங்கள் ஆட்களின் பழக்கத்தை மாற்ற முனைந்ததுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம்.

மரத்தில் நேரடியாகக் குதிரையைக் கட்டாதே என்றார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் உயரத்தில் கயிறு இழுத்து, அந்தக் கயிற்றில் கட்டு. மரத்தைச் சுற்றும் இடத்தில் கயிறு போடாமல் அகலமான பட்டையைப் போடு, பட்டை உரியாது. மேய விடும்போது முன்னங்கால்களுக்குத் தளை போடு. நம் பக்கத்தில் சலவைத் தொழிலாளர்கள் கழுதைக்குப் போடுவார்களே, அதே மாதிரிதான். தண்ணீரிலிருந்து இருநூறு அடி தள்டிக் கூடாரம் போடு. கிளம்பும்போது லத்தியை உதைத்துக் கலைத்துவிட்டு, குளம்பு தோண்டிய குழியை மூடிவிட்டுப் போ. மலையை வளைந்து ஏறும் பாதையில் குறுக்கு வெட்டி ஏறாதே. அந்தக் குறுக்கு வழிதான் அடுத்த மழையில் ஓடையாகும்.

விழுந்த மரம் பூட்டிய கதவு

ஒரு பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது. நடந்து போகிறவர் ஏறித் தாண்டுவார், அல்லது குனிந்து நுழைவார். பொதி ஏற்றிய கோவேறு கழுதையால் இரண்டும் முடியாது. ஒரு பக்கம் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் பள்ளம் என்றால் திரும்பவும் இடமில்லை. குதிரைக்குச் சுமார் எட்டடி அகலம், பத்தடி உயரம் வெட்டவெளியாக இருக்க வேண்டும். மரப்பாலம் ஒன்று இற்றுப்போனால் ஆள் நடந்து கடந்துவிடலாம், குதிரை கடக்க முடியாது. எந்த அதிகாரியும் தடை உத்தரவு போட வேண்டியதே இல்லை. இரண்டு வருடம் யாரும் பராமரிக்காமல் விட்டால் போதும், அந்தப் பாதை குதிரைக்கு மூடிவிட்டது என்று அர்த்தம்.

பாதை தொடங்கும் இடத்திலும் இதே கதைதான். குதிரைகளை இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்த நீள வண்டியை நிறுத்தவும் திருப்பவும் பெரிய இடம் வேண்டும். அந்த இடத்தைச் சீரமைக்கிறோம் என்று தார் போட்டு, கார்களுக்குக் கோடு கிழித்துவிட்டால் பாதை திறந்திருக்கும். குதிரையை இறக்க இடம் இருக்காது. அதனால் வனத்துறை ஒரு வரைபடத்தைக் கருத்துக் கேட்புக்கு வைத்தால், சங்கத்துக்காரர்கள் முதலில் பார்ப்பது வண்டி திருப்பும் இடத்தைத்தான்.

வனத்துறையின் கையில் உள்ள பாதைகளின் மொத்த நீளம் சுமார் 1,58,000 மைல், அதாவது இரண்டரை லட்சம் கிலோமீட்டர். அரசின் தணிக்கை அலுவலகம் 2013-ல் கொடுத்த அறிக்கைப்படி, 2012 நிதியாண்டில் இதில் 37 சதவீதத்தில்தான் ஏதாவது பராமரிப்பு நடந்தது. துறையின் சொந்த அளவுகோலுக்கு ஏற்ற நிலையில் இருந்தது கால் பங்குதான். செய்யாமல் தேங்கிய வேலையின் மதிப்பு 31 கோடியே 40 லட்சம் டாலர். காட்டுத்தீயை அணைக்கவே துறையின் பணத்தில் பெரும்பங்கு போய்க்கொண்டிருந்த காலம் அது.

இந்த இடைவெளியில்தான் குதிரைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். வனாந்தரப் பகுதிக்குள் மோட்டார் கருவி கூடாது என்பதால் மோட்டார் ரம்பம் பொதுவாக அனுமதியில்லை. விழுந்த மரத்தைப் பழைய காலத்து இரண்டாள் இழுக்கும் நீள ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளக் கூடாது. தள்ளினால் ரம்பம் வளையும். சரிவில் கிடக்கும் மரத்தில் எந்தப் பக்கம் இறுக்கம், எந்தப் பக்கம் இழுவிசை என்று பார்த்து வெட்டாவிட்டால் ரம்பம் மாட்டிக்கொள்ளும், அல்லது கட்டை உருண்டு ஆளை அடிக்கும். இதற்குப் பயிற்சி எடுத்துச் சான்று பெற்ற பிறகே தன்னார்வலரை ரம்பம் பிடிக்க விடுகிறது வனத்துறை.

மரம் வெட்டும் குழுவுக்கு உணவு, கூடாரம், கடப்பாரை, பாலத்துக்கான பலகை எல்லாம் போய்ச்சேர வேண்டும். மொன்டானாவின் பாப் மார்ஷல் வனாந்தரப் பகுதி மட்டுமே பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். ரோடு முடிந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு நாள் உள்ளே போனால்தான் வேலை செய்யும் இடம். நடந்து போகும் தன்னார்வலர் தன் சாப்பாட்டைத் தானே சுமந்தால் ரம்பம் சுமக்க முடியாது. சங்கத்துக்காரர்கள் தங்கள் கோவேறு கழுதைகளில் அந்தச் சுமையை ஏற்றிக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். எந்தப் பாதைக் குழுவில் கால்நடையாக மலையேறும் சங்கத்தார் வேலை செய்கிறார்களோ, அவர்களின் மூட்டையும் இந்தக் கழுதை முதுகில்தான் போகிறது. முணுமுணுத்தவர்களில் பலர் வாயடைத்தது இப்படித்தான்.

பாதைக்குக் குறுக்கே சாய்வாக மரக்கட்டையோ கல்வரிசையோ புதைத்து மழைத்தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் வேலையும் உண்டு. நம் மானாவாரி நிலத்தில் வரப்புக்குச் செய்யும் அதே கணக்கு: தண்ணீர் வேகம் எடுக்கும் முன் திருப்பிவிட வேண்டும்.

எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை கழுதை, எத்தனை மைல் வண்டி ஓட்டினோம் என்று ஒவ்வொரு வேலைக்கும் எழுதி வைக்கிறார்கள். வருடக் கடைசியில் அதைக் கூட்டி, கூலியாகக் கணக்கிட்டால் இத்தனை டாலர் என்று வனத்துறையிடம் கொடுக்கிறார்கள். பார்ப்பதற்கு அற்பமான வேலை இது. ஆனால் நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய்ப் பேசும்போது கையில் இருப்பது அந்தத் தாள்தான். 2016 நவம்பரில் வந்த தேசியக் காடுகளின் பாதைப் பராமரிப்புச் சட்டம், தன்னார்வலர்கள் செய்யும் பராமரிப்பை ஐந்தாண்டுகளில் இரட்டிப்பாக்கத் திட்டம் போடச் சொன்னது. அதைக் கொண்டுவந்தவர்கள் எதிரெதிர்க் கட்சிக்காரர்களான சிந்தியா லம்மிஸ், டிம் வால்ஸ். குதிரைக்காரர்களும் வனப் பாதுகாப்பு அமைப்பினரும் ஒரே பக்கம் நின்று அதற்கு ஆதரவு தேடினார்கள்.

புல்வெளியைக் கேட்டுத் திறப்பது

எல்லாம் சுமுகமாக முடிந்துவிடவில்லை. கலிஃபோர்னியாவில் சிக்கோயா, கிங்ஸ் கேன்யன் என்ற அடுத்தடுத்த இரண்டு தேசியப் பூங்காக்கள் உள்ளன. மலையேறுவோர் சங்கம் ஒன்று, இங்கே வாடகைக்குக் குதிரையும் பொதிக்கழுதையும் அனுப்பும் தொழிலுக்குப் பூங்கா நிர்வாகம் தாராளமாக அனுமதி தருகிறது, எவ்வளவு தேவை என்று கணக்கே பார்க்கவில்லை என்று 2009-ல் வழக்குப் போட்டது. வனாந்தரச் சட்டம் வாடகைத் தொழிலைத் 'தேவையான அளவுக்கு' மட்டுமே அனுமதிக்கிறது. 2012 ஜனவரியில் நீதிமன்றம், நிர்வாகம் அந்தக் கணக்கைச் செய்யவில்லை என்பது சரிதான் என்றது. அந்தக் கோடைக்குப் பொதிக்காரர்களுக்கு அனுமதி கிடைக்குமா என்பதே கேள்விக்குறியாகிவிட்டது. மலைப்பக்கத்தில் கோடை மூன்று மாதம்தான். அதை இழந்தால் வருட வருமானம் போச்சு. குதிரைக்குத் தீவனம் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பொதிக்காரர்களும் குதிரைச் சங்கங்களும் நாடாளுமன்றத்தை நெருக்கினார்கள். புதுத் திட்டம் தயாராகும் வரை அனுமதிச் சீட்டு கொடுக்கலாம் என்று தனிச் சட்டமே வந்தது. 2012 ஜூன் 5 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். 2015-ல் நிர்வாகம் முழுத் திட்டத்தை வெளியிட்டது.

வழக்குப் போட்டவர்களை வில்லனாகப் பார்ப்பது தவறு. எவ்வளவு தேவை, புல்வெளி எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. அந்தப் பூங்காவில் புல்வெளிகளை நிர்வகிக்கும் முறையில் நம் கால்நடை வளர்ப்போர் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

அங்குள்ள மலைப் புல்வெளிகளில் ஜூன், ஜூலை வரைகூடப் பனி கிடக்கும். பனி உருகிய பிறகு சில வாரம் மண் ஊறிப்போய் இருக்கும். அப்போது குதிரையை விட்டால் புல்லைத் தின்பதால் வரும் சேதத்தைவிட, குளம்பு புதைந்து வேர்ப்பரப்பு கிழிவதால் வரும் சேதம் அதிகம். கிழிந்த இடத்தில் தண்ணீர் ஓடி வாய்க்கால் விழும், புல்வெளி காய ஆரம்பிக்கும். அதனால் ஒவ்வொரு புல்வெளிக்கும் மேய்ச்சல் தொடங்கும் தேதி தனி. அதுவும் பனி அதிகமான வருடம், சராசரி வருடம், வறண்ட வருடம் என்று மூன்று விதமாகத் தேதி போட்டிருக்கிறார்கள். எத்தனை குதிரை எத்தனை இரவு மேய்ந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். பருவம் முடிந்ததும் சில புல்வெளிகளில் எஞ்சிய புல்லை அறுத்து எடை போடுகிறார்கள். எஞ்சியது குறைந்தால் அடுத்த வருடம் அனுமதி குறையும். உயரமான இடத்தில் புல் வளரக் கிடைப்பது சில வாரங்களே. ஒட்ட மேய்ந்துவிட்டால் வேரில் சேமிப்பு இல்லாமல் அடுத்த வருடத் துளிர் மெலிந்து வரும். மேய்ச்சல் தரிசுக்குச் சுழற்சி முறை வேண்டும் என்று நம் கால்நடைத் துறையினர் சொல்வதும் இதையேதான்.

விதை எங்கே பயணம் செய்கிறது

இப்போது அந்தப் புல்கட்டுக்கு வருவோம். மேற்கு அமெரிக்காவைப் படுத்தும் களைகளில் இரண்டு: புள்ளி நாப்வீட், லீஃபி ஸ்பர்ஜ். இரண்டும் கண்டம் தாண்டி வந்தவை. நாப்வீட், நம் பார்த்தீனியத்தின் குடும்பம். லீஃபி ஸ்பர்ஜ், நம் அம்மான்பச்சரிசியின் குடும்பம். ஒடித்தால் பால் வரும், அந்தப் பால் மாட்டின் வாயையும் குடலையும் புண்ணாக்கும். வேர் ஆழமாகப் போவதால் பிடுங்கியும் மாளாது. மேய்ச்சல் நிலத்தில் இவை புகுந்தால் நல்ல புல் ஒதுங்கிவிடும்.

குதிரை தின்ற களைவிதையில் ஒரு பகுதி செரிக்காமல் உயிரோடு லத்தியில் வெளியேறும். தின்றதிலிருந்து வெளியேற இரண்டு முதல் நாலு நாள். பாதையோரம் விழும் விதையில் முளைத்து நிலைப்பது சொற்பம் என்று குதிரைக்காரர்கள் வாதாடியதுண்டு. நிழலும் மிதிபாதையும் எல்லா விதைக்கும் ஏற்ற இடமல்ல என்பதால் அதிலும் உண்மை உண்டு. ஆனால் பத்து லட்சம் ஏக்கர் காட்டில் ஒரே ஒரு செடி நிலைத்தால் போதும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து வருடம் போய்விடும். மொன்டானாவில் 1995-ல் களைவிதையற்ற தீவனத்துக்கென்று சட்டம் வந்தது. வேறு மாநிலங்களும் சேர்ந்து பொதுவான ஆய்வு முறையை வகுத்தன. காட்டுக்குள் போவதற்கு மூன்று நாலு நாள் முன்பே வீட்டிலும் சான்று பெற்ற தீவனத்தையே கொடு, குளம்பையும் வாலையும் சுத்தம் செய்து ஏற்று என்று சங்கங்கள் சொல்லிக்கொடுக்கின்றன. சூட்டில் அழுத்திச் செய்த குச்சித் தீவனத்தில் விதை பெரும்பாலும் உயிரோடு இருக்காது. அதைக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.

நம் ஊரில் சீமைக்கருவேல் பரவியதும் வயிற்று வழியாகத்தான். நெற்றைத் தின்ற ஆடு மாடு எங்கெங்கு போனதோ அங்கெல்லாம் சாணத்தோடு விதை போனது. வயிற்றுக்குள் போய் வந்த விதை இன்னும் நன்றாக முளைக்கும். நெற்று கொடுத்து வளர்க்கும் பட்டியை அப்படியே நல்ல நிலத்தில் அமர்த்துகிறவர்கள், நாலைந்து நாள் வேறு தீவனம் கொடுத்துப் பட்டியிலேயே வைத்திருந்துவிட்டு அமர்த்தினால் பிற்பாடு வேர் தோண்டும் கூலி மிச்சம். வெளியூர் வைக்கோலும் சோளத்தட்டையும் வாங்கும்போது பார்த்தீனியப் பூ காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று ஒரு கட்டைப் பிரித்துப் பார்ப்பதும் நல்லது. அந்தக் கட்டில் மிஞ்சும் கூளத்தைக் குப்பைக்குழியில் போட்டால், கிளறிவிட்டுச் சூடேற்றி மக்கவைத்த பிறகே வயலுக்கு எடுக்க வேண்டும்.

மேய்ச்சல் உரிமை பற்றியும் வாசகர்களுக்கு இங்கே ஓர் எண்ணம் ஓடும். 2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தேனி மலைமாடும் பர்கூர் மாடும் வளர்ப்பவர்கள் கலங்கிப்போனார்கள். அமெரிக்கக் குதிரைக்காரர்களின் வழக்கும் அதுவும் ஒன்றல்ல. அவர்களுக்குக் காடு பொழுதுபோக்கு, சிலருக்குத் தொழில். இங்கே மாட்டுக்காரருக்கு அது வயிற்றுப்பாடு. வன உரிமைச் சட்டம் 2006, காட்டில் மேய்ச்சல் உரிமையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதைக் கோருவதற்குப் பழைய மேய்ச்சல் ரசீது, பட்டி அனுமதிச் சீட்டு, ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் போன்றவை சான்றாக ஏற்கப்படும். கிராம சபையில் தீர்மானம் வேண்டும். பெட்டியில் கிடக்கும் தாத்தா காலத்து ரசீதைக் கரையானுக்கு விட்டுவிடாமல் நகல் எடுத்து வைப்பது அவசரமான வேலை.

புதிதாக வந்த சிக்கல்கள்

குதிரைக்காரர்களுக்கு இப்போது பாதையில் புதுக் கூட்டாளிகள். மலைச் சைக்கிள்காரர்கள் முதலில் வந்தார்கள். பிறகு பேட்டரி சைக்கிள். வளைவில் சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிளைக் கண்டு மிரண்ட குதிரை பள்ளத்தில் பாய்ந்தால் ஆளும் போய்விடுவார். 2019-ல் கலிஃபோர்னியாவின் டாஹோ தேசியக் காட்டில், மோட்டாருக்கு இடமில்லை என்றிருந்த பாதைகளில் பேட்டரி சைக்கிளை அனுமதித்தபோது, மக்கள் கருத்தைக் கேட்காமல் இதைச் செய்தது செல்லாது என்று குதிரைச் சங்கங்கள் வேறு அமைப்புகளோடு சேர்ந்து வழக்குப் போட்டன. அனுமதி திரும்பப் பெறப்பட்டது. பேட்டரி மோட்டாரும் மோட்டார்தானே என்ற அவர்கள் வாதம் சரியாகத்தான் படுகிறது. இருந்தாலும் முட்டி தேய்ந்த வயதான சைக்கிள்காரர் ஒருவர், குதிரை உங்களுக்கு எப்படியோ பேட்டரி எனக்கு அப்படி என்று சொன்னால் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் காட்டைப் பார்க்கக் குதிரை வேண்டும் என்பது குதிரைக்காரர்களே நெடுங்காலமாகச் சொல்லிவரும் நியாயம்.

2025 அவர்களுக்குக் கனமான வருடம். பிப்ரவரியில் வனத்துறையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலைநீக்க உத்தரவு போனது. அவர்களில் பாதைப் பராமரிப்பில் இருந்தவர்களும் உண்டு. ஜூனில், மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் லட்சக்கணக்கான ஏக்கரை விற்கலாம் என்ற திட்டம் செனட்டில் வந்தது. வேட்டைக்காரர், மீன்பிடிப்பவர், மலையேறுபவர் என்று ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட ஒன்றாக எதிர்த்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே திட்டம் கைவிடப்பட்டது.

வேலைக்கு ஆள் குறைந்தது மட்டும் அப்படியே நிற்கிறது. பட்டை வண்டு தின்று பட்டுப்போன பைன் மரங்களும், தீயில் கருகி நிற்கும் மரங்களும் ஒவ்வொரு பனிக்காலக் காற்றிலும் பாதைமேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. போன கோடையில் திறந்த பாதையை இந்தக் கோடையிலும் திறக்க வேண்டும். சங்கக் கூட்டங்களில் நரைத்த தலைகளே அதிகம். ரம்பத்தின் மறுமுனையைப் பிடிக்க இளவயது ஆள் கிடைக்குமா என்பதுதான் இப்போது பெரிய கவலை. பனி உருகி, மேய்ச்சல் திறக்கும் தேதி வருவதற்குள் முதல் குழு பொதி கட்டிக் கிளம்பியாக வேண்டும்.